டெஸ்ட் யூசர் எழுதிய என் புத்தகம்

நீங்கள் கடைசியாக எப்போது ஒரு பட்டனை நீங்களே அழுத்தினீர்கள்? லிஃப்ட் பட்டனைச் சொல்லவில்லை. அழுத்தினால் திரும்ப எடுக்க முடியாத பட்டன். மேலே 'சமர்ப்பி' என்று கொட்டை எழுத்தில் இருக்கும், கீழே பொடி எழுத்தில் நாலு மிரட்டல் இருக்கும், அந்த ரகம்.

நான் அழுத்தியதே இல்லை. சத்தியமாக. இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் எனக்குக் காலேஜைத் தேர்ந்தெடுத்து அழுத்தியது அண்ணன். அமெரிக்க விசா ஃபாரத்தைத் திருச்சி வீட்டு டைனிங் டேபிளில் வைத்து, அப்பா பாஸ்போர்ட்டைப் பார்த்து ஒவ்வொரு எழுத்தாக உரக்கப் படிக்க, அம்மா விளக்கேற்றிவிட்டு வந்து பின்னால் நிற்க, லீவில் வந்திருந்த அதே அண்ணன் அழுத்தினான். விசா எனக்கு. நான் ஓரமாக நின்று நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

வேலையும் அதற்கேற்ற மாதிரியே அமைந்தது. மன்ஹாட்டனில் ஒரு வங்கியின் சாஃப்ட்வேரைச் சோதிக்கும் டெஸ்டர் நான், கான்ட்ராக்டில். மற்றவர்கள் எழுதிய புரோகிராமை மாதிரிக் கணக்கு, மாதிரி வாடிக்கையாளர் என்று வைத்து உடைத்துப் பார்ப்பது தொழில். அதற்கென்று தனியாக ஒரு டம்மி உலகமே உண்டு. அங்கே எதை உடைத்தாலும் யாருக்கும் எதுவும் ஆகாது. நான் 'பாஸ்' என்று சொன்ன பிறகு வேறொரு டீம் நிஜ உலகத்தில் பட்டனை அழுத்தும். அதற்குள் நான் சாப்பிடப் போயிருப்பேன். என் வாயைப் பார்த்தால் இதை யாரும் நம்ப மாட்டார்கள். மீட்டிங்கில் மேனேஜரிடமே 'இதெல்லாம் வேலைக்காகாது' என்று சொல்லுகிற ஆள். வாய் மட்டும்தான். கை கிடையாது.

இந்த லட்சணத்தில் ஒரு புத்தகம் எழுதிவிட்டேன். டெக்சஸில் எம்.எஸ். படித்தபோது நாலு பெண்கள் ஒரே அப்பார்ட்மென்டில், காரே இல்லாமல், கார் இல்லாமல் பால் பாக்கெட்கூட வாங்க முடியாத ஊரில் காலம் தள்ளிய கதை. முழுக்க போனில் எழுதியது. நியூ ஜெர்சி ஜர்னல் ஸ்கொயர் ஸ்டேஷனில் ஏறி ஆபீஸ் போகும்வரை ரயிலில் நின்றபடியே ஒற்றைக் கட்டைவிரலால். எழுதும்போது ஒரு சொட்டு பயம் இல்லை. நானே வெளியிடப்போகிறேன் என்று வாயைவிட்ட பிறகுதான் ஆரம்பித்தது.

வாயைவிட்ட இடமும் சாதாரண இடம் இல்லை. நியூ ஜெர்சியிலேயே இருக்கிற பிரிட்ஜ்வாட்டர் கோயில் கேன்டீன். கையில் புளியோதரைத் தட்டு, எதிரே அந்தப் பக்கத்தில் தமிழ்ப் பள்ளி நடத்துகிற ஆன்ட்டி.

"புக்கா? நீயா? எப்ப வருது?"

"அடுத்த மாசம் ஆன்ட்டி. எழுதி முடிச்சாச்சு. அப்லோட் பண்றது மட்டும்தான் பாக்கி. அதெல்லாம் ஒரு மேட்டரே இல்ல."

"அப்ப ஆண்டு விழால உன்னை மேடையேத்திடறேன். பசங்க பாக்கட்டும். உன் பேர் போட்ட அட்டைய ஸ்க்ரீன்ல பெருசா காட்டலாம்."

உன் பேர் போட்ட அட்டை. அது உள்ளே போய் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டது. யோசித்துப் பாருங்கள். நான் இருக்கும் வீட்டின் லீஸ் ரூம்மேட் பெயரில். போன் அண்ணனுடைய ஃபேமிலி பிளானில். சம்பளம் கொடுப்பது ஒரு கம்பெனி, வேலை வாங்குவது இன்னொரு கம்பெனி. ஆபீஸ் அடையாள அட்டையில் என் பெயரைவிட 'கான்ட்ராக்டர்' என்பதுதான் பெரிய எழுத்து. இந்த நாட்டில் என் பெயரில் இருக்கப்போகிற முதல் சமாச்சாரம் அந்தப் புத்தகம்தான்.

வீட்டுக்கு வந்து அந்த மேட்டரே இல்லாத அப்லோடைத் திறந்தேன். நாமே ஃபைலை ஏற்றினால் அச்சடித்து விற்றுக் கொடுக்கிற தளம் அது. ஏற்றுவதற்கு முன் கேள்வி மேல் கேள்வி. பக்க ஓரம் எவ்வளவு? முதுகின் அகலம் எவ்வளவு? புத்தகத்துக்கு முதுகு உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். எழுத்துருவை ஃபைலுக்குள்ளேயே பதித்தாயா? வரி கட்டுவது எந்த நாட்டில்? கூடவே ஒரு விதிமுறைப் பக்கம், உருட்ட உருட்ட முடியவில்லை. 'கணக்கு நிரந்தரமாக மூடப்படும்' என்ற வரி வந்ததும் பாதியில் மூடிவிட்டேன். அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மீதிப் பாதியில்தான் எனக்கான குழி இருந்தது.

மாதிரிப் பக்கத்தைப் பார்த்தால் இன்னும் மோசம். தமிழ் எழுத்தெல்லாம் சிதறிக் கிடந்தது. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவே ஒரு புள்ளி வட்டம். விபத்து நடந்த இடம் மாதிரி. லேப்டாப்பைச் சாத்திவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். ரூம்மேட் மதுரைக்காரி, வேறொரு வங்கியில் டேட்டாபேஸ் பார்க்கிறவள். எதற்கும் அசராத ஜென்மம்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?"

"எழுத்தெல்லாம் ஒடையுது."

"ஃபான்ட்ட மாத்து."

"மாத்துறப்ப தெரியாம பப்ளிஷ்ல கை பட்டுருச்சுன்னா?"

"கைய கட்டி வச்சுக்க. இவள நம்பி பேங்க்காரன் காச வச்சிருக்கான் பாரு."

ஃபான்ட்டை மாற்றினேன். எழுத்துகள் எழுந்து நேராக உட்கார்ந்தன. முதுகின் அகலத்தைத் தளமே கணக்குப் போட்டுக் கொடுத்தது. ஒவ்வொன்றாக எல்லாம் சரியானது. ஆனால் பயம் குறையவில்லை. இடம் மாறி இடம் மாறி, கடைசியில் 'பப்ளிஷ்' என்ற அந்த மஞ்சள் பட்டனில் போய் ஏறி உட்கார்ந்தது. தினமும் ஆபீஸிலிருந்து வந்து அந்தப் பக்கத்தைத் திறப்பேன். மூடிவிடுவேன்.

அப்போதுதான் எனக்குள் இருந்த டெஸ்டர் விழித்துக்கொண்டாள். நிஜத்தில் நேராகக் கை வைப்பானா எவனாவது? முதலில் டம்மியில் ஓட்டிப் பார்க்க வேண்டாமா? புதிதாக ஒரு ஈமெயில், ரூம்மேட்டின் போன் நம்பர், இரண்டாவது கணக்கு. பெயர் ஆபீஸில் மாதிரிக் கணக்குக்கு வைக்கிற அதே பெயர், டெஸ்ட் யூசர் ஒன்று. ஏற்றிப் பார்க்கத் தமிழ் ஃபைல் வேண்டுமே, என் புத்தகத்தையே ஏற்றினேன். அட்டை வெறும் சாம்பல் நிறம். மஞ்சள் பட்டன் வந்தது. டக்கென்று அழுத்தினேன். கை நடுங்கவே இல்லை. என் பெயர் இல்லையே.

புத்தகம் கடைக்கு வந்தது. எழுத்து உடையவில்லை, ஓரம் வெட்டுப்படவில்லை. 'விற்பனையை நிறுத்து' என்பதை அழுத்தி மூடிவிட்டு, "டெஸ்ட் பாஸ்!" என்று கத்தினேன்.

"சரி, இப்ப நிஜத்த பண்ணு" என்றாள் ரூம்மேட்.

நிஜத்துக்கு அம்மாவை வீடியோவில் கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை, எனக்குக் காலை காபி நேரம்.

"இப்ப வேண்டாம் பாப்பா, ராகு காலம் நடக்குது" என்றாள் அம்மா.

"எந்த ஊர் ராகு காலம்மா? இங்க காலைல."

"நம்ம ஊர்தான். சாமி இங்கதான இருக்கு?"

ரூம்மேட் அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "ஆன்ட்டி, இங்க சாயங்காலம் நாலரைலருந்து ராகு காலம். கோயில் காலண்டர்ல போட்டிருக்கு."

"அப்ப அதையும் பாத்துக்கங்கம்மா" என்றாள் அம்மா.

ஏதாவது ஒரு ஊரில் ராகு காலம் நடந்துகொண்டேதான் இருக்கிறது. பயப்படுகிறவளுக்கு இதைவிட வசதி ஏது? ஆனால் கலிஃபோர்னியா சான் ரமோனில் அண்ணன் எழுந்துவிட்டான். மூன்று ஊருக்கும் பொதுவாக நடுப்பகலில் ஒரு நல்ல நேரம் கண்டுபிடித்தான். ஒரு ஸ்க்ரீனில் திருச்சி, ஒரு ஸ்க்ரீனில் கலிஃபோர்னியா. நான் மவுஸில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்தே இருந்தேன்.

"குட்டி, உன் ஸ்க்ரீன் கன்ட்ரோலக் குடு" என்றான் அண்ணன்.

கொடுத்தேன். என் ஸ்க்ரீனில் அம்புக்குறி தானாக நகர்ந்தது. மூவாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து அண்ணன் அழுத்தினான். அம்மா கைதட்டினாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது, பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆன மாதிரி.

மறுநாள் ரயிலில் மெயில் வந்தது. எக்ஸ்சேஞ்ச் பிளேஸ் ஸ்டேஷனைத் தாண்டினால் வண்டி ஆற்றுக்கு அடியில் போகும், சிக்னல் போய்விடும். சரியாக அந்த நேரத்தில். தலைப்பு மட்டும் வந்தது: 'உங்கள் கணக்கு நிறுத்திவைக்கப்பட்டுள்ளது.' உள்ளே ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. சுரங்கத்தில் வண்டி ஒரு இடத்தில் நின்றும் போனது. என் மேலே முழு ஹட்சன் ஆறு. அத்தனை தண்ணீரும் என் தலையில் இறங்குகிற மாதிரி இருந்தது. விசாவில் இருக்கிற எங்களுக்கு 'பரிசீலனை', 'நிறுத்திவைப்பு', 'ஆவணம்' என்ற வார்த்தைகள் எங்கிருந்து வந்தாலும் ஒரே இடத்திலிருந்து வந்த மாதிரிதான். சூட்கேஸ் ஞாபகம் வந்துவிடும்.

மேலே வந்ததும் படிகளிலேயே நின்று படித்தேன். என்னை இடித்துக்கொண்டு ஊரே போனது. இந்தப் புத்தகம் ஏற்கெனவே வேறொருவர் பெயரில் வெளியாகியிருக்கிறது. எழுதியவர் நீங்கள்தான் என்பதைக் காட்டுங்கள். காட்டாவிட்டால் இந்தக் கணக்கு மூடப்படும், இனி எந்தக் கணக்கும் தொடங்க முடியாது. அத்துடன், ஒருவருக்கு ஒரு கணக்குதான் என்ற விதியையும் கவனிக்கவும். நான் படிக்காமல் விட்ட மீதிப் பாதி.

தளத்தில் என் புத்தகத்தைத் தேடினேன். சாம்பல் அட்டை இன்னும் இருந்தது, 'தற்போது கிடைக்காது' என்று. நான் நிறுத்தியது விற்பனையை மட்டும்தானாம், பக்கம் போகாதாம். அதில் ஆசிரியர்: டெஸ்ட் யூசர் ஒன்று. இந்த நாட்டில் எனக்கென்று இருந்த ஒரே விஷயத்தை இல்லாத ஒரு பெண்ணுக்கு எழுதிக் கொடுத்திருந்தேன். ஆபீஸ் பாத்ரூமில் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அந்த டெஸ்ட் யூசர் யாருன்னே தெரியாதுன்னு போடு" என்றான். "எவனோ திருடிட்டான்னு சொல்லு. முடிஞ்சுது."

"பொய்டா."

"பின்ன? ரெண்டு அக்கவுண்ட், பொய்ப் பேருன்னு நீயே எழுதிக் குடுக்கப்போறியா? நாளைக்கு விசா ஸ்டாம்பிங் போறப்ப ஏதாவது கேட்டா?"

போனுக்கு அந்தப் பக்கமிருந்து அவன் மகளின் குரல் கேட்டது. "அத்தை, ஆர் யூ இன் ட்ரபிள்?"

"நோ கண்ணா" என்றேன்.

அன்று மாலை ரூம்மேட் வேறு வழி சொன்னாள். "விடுடி. அண்ணன் பேர்ல புதுசா ஒண்ணு ஓப்பன் பண்ணி அதுல போட்டுரு."

"அப்ப அட்டைல யார் பேரு வரும்?"

"அட்டைல உன் பேருதான். அக்கவுண்ட்தான் அவரோடது."

"வீடு உன்னுது, போன் அவனுது, இதுவும் அவனுதா?"

அவள் வெண்டைக்காய் நறுக்க ஆரம்பித்தாள். அம்மாவோ, "உன் பேரே வேண்டாம்னு எழுதிப் போட்டுரு பாப்பா, எதுக்கு வம்பு" என்று சொல்லிவிட்டாள். எல்லாருக்கும் என் மேல் அக்கறை. எல்லாருடைய யோசனையிலும் என் பெயர்தான் முதலில் அடிபட்டது. இதற்கு நடுவே ஆன்ட்டியின் மெசேஜ்: 'அட்டைப் படம் அனுப்பும்மா, அழைப்பிதழ் ரெடி பண்றோம்.' பக்கத்திலேயே இரண்டு கும்பிடு. போனைக் கவிழ்த்து வைத்தேன்.

பதில் எழுத உட்கார்ந்தபோதெல்லாம் விரல் நின்றது. முதலில் பணிவாக எழுதினேன், பிச்சை எடுக்கிற மாதிரி இருந்தது. அண்ணன் சொன்ன பொய்யையும் எழுதிப் பார்த்தேன். நன்றாக வந்திருந்தது. அதுதான் பயமாக இருந்தது. அனுப்பினால் நம்பிவிடுவார்கள். ஆனால் அடுத்த கேள்வி கேட்டால்? அந்தப் போன் நம்பர் யாருடையது என்று கேட்டால்? ரூம்மேட்டும் சேர்ந்து மாட்டுவாள். அழித்தேன். சனிக்கிழமை கோயிலுக்குக்கூடப் போகவில்லை, ஆன்ட்டி கண்ணில் படக் கூடாது என்று. நான் பிரிட்ஜ்வாட்டர் போகாத வாரமே கிடையாது. கேன்டீன் இட்லியை ஒரு ஈமெயில் தடுத்துவிட்டது.

ஆபீஸில் ஒரு மதியம். எவனோ எழுதிய புரோகிராமில் ஒரு கோளாறு பிடித்து, அதற்கான அறிக்கையை அடித்துக்கொண்டிருந்தேன். இதில் எனக்குப் பயமே வந்ததில்லை. செய்தது என்ன, எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன, காரணம் என்ன. யாரையும் திட்டக் கூடாது, கெஞ்சக் கூடாது, கதை விடக் கூடாது. கோளாறைக் கண்ணெதிரே வைத்தால் போதும். அடித்துக்கொண்டிருந்த கை பாதியில் நின்றது.

என் சொந்த மெயிலைப் போனில் திறந்தேன். சோறு ஆறிக்கொண்டிருந்தது.

செய்தது: என் கணக்கு இருக்கும்போதே, 'டெஸ்ட் யூசர் ஒன்று' என்ற பெயரில் இரண்டாவது கணக்கைத் திறந்து, என் புத்தகத்தையே அதில் ஏற்றி வெளியிட்டேன். எதிர்பார்த்தது: அது வெறும் ஒத்திகையாக இருக்கும், பிறகு அழித்துவிடலாம். நடந்தது: என் புத்தகம் இப்போது அந்தப் பெயரில் இருக்கிறது. டெஸ்ட் யூசரும் நான்தான், நானும் நான்தான். போன் நம்பர் என் ரூம்மேட்டுடையது, அவள் மேல் தப்பில்லை. காரணம்:

இந்த இடத்தில் ரொம்ப நேரம் நின்றேன். விதிமுறையை முழுதாகப் படிக்கவில்லை என்று அடித்தேன். அது உண்மைதான், ஆனால் காரணம் அது இல்லை. ஏன் படிக்கவில்லை? அதை அழித்துவிட்டு அடித்தேன். காரணம்: என் பெயரில் அந்தப் பட்டனை அழுத்த எனக்குப் பயம்.

அனுப்பினேன். அனுப்பியதும் ஒரு பட்டன்தான், அது அப்போது தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அனுப்பியிருக்க மாட்டேன். பிறகு சாப்பாட்டு டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் பேன்ட்ரிக்குப் போனேன். ஃபிரிட்ஜ் மேல் சாய்ந்துகொண்டு நின்றேன். "ஆர் யூ ஓகே?" என்று ஒருவன் கேட்டுவிட்டுத் தன் தயிர் டப்பாவை எடுத்துக்கொண்டு போனான்.

வீட்டில் சொன்னதும் ரூம்மேட் கரண்டியோடு திரும்பினாள்.

"எல்லாத்தையும் அப்படியேவா எழுதுன?"

"அப்படியே."

"பயம்னுமா?"

"ஆமா."

"லூசு" என்றாள். கல்லில் கிடந்த தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு, "நானா இருந்தா எழுதியிருக்க மாட்டேன்டி" என்றாள். அவளுக்கும் பயம் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது. என் தட்டில் இன்னொரு தோசையை வைத்தாள்.

அடுத்து காத்திருப்பு. துணிக்கடைத் தள்ளுபடி மெயிலுக்கெல்லாம் நான் செத்துப் பிழைத்தேன். ரயில் ஆற்றுக்கடியில் போகும்போது மட்டும் நிம்மதி. அங்கே எந்த மெயிலும் வராது.

இன்று காலை வந்தது. சின்ன மெயில். டெஸ்ட் யூசர் கணக்கையும் அந்தப் பக்கத்தையும் நீக்கிவிட்டோம். உங்கள் கணக்கு திறந்திருக்கிறது. புத்தகத்தை நீங்கள் மறுபடியும் சமர்ப்பிக்கலாம். இன்னொரு விதிமீறல் நடந்தால் நிரந்தரமாக மூடப்படும். விளக்கத்துக்கு நன்றி.

நன்றி சொன்னதைவிட 'நிரந்தரமாக' என்பதுதான் கண்ணில் நின்றது. ஆனால் இந்த முறை விதிமுறைப் பக்கத்தை முழுதாக உருட்டிப் படித்தேன். மிரட்டல் எல்லாம் அப்படியே இருந்தது. படித்து முடித்தும் பயம் போகவில்லை. எது எதற்குப் பயப்பட வேண்டும் என்று மட்டும் தெரிந்தது.

மதியம் சொந்த லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தேன். ஆற்றோர பெஞ்ச். எதிர்க்கரையில் நான் குடியிருக்கும் ஜெர்சி சிட்டி. காற்றில் ஸ்க்ரீன் ஆடியது. அம்மாவைக் கூப்பிடவில்லை. கோயில் காலண்டரையும் பார்க்கவில்லை, பார்த்தால் எங்கேயாவது ஒரு ராகு காலம் இருக்கும். அண்ணன் இரண்டு தடவை கூப்பிட்டான். மூன்றாவது தடவை எடுத்தேன்.

"இரு குட்டி, மீட்டிங் முடிச்சுட்டு வரேன். நான் அழுத்தறேன்."

"வேண்டாண்ணா."

"தப்பாயிடுச்சுன்னா?"

"தப்பாயிடும்தான்" என்றேன். "வச்சிடறேன்."

ஃபைல் சரி. முதுகு சரி. எழுத்துகள் உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருந்தன. அட்டையைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மஞ்சள் பட்டன் கீழே இருந்தது. கை நடுங்கியது. டெஸ்ட் யூசருக்கு நடுங்காத அதே கை. நடுங்கட்டும் என்று விட்டேன். வலது கையால் முடியவில்லை, இடது கையால் வலது கை மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன்.

இப்போது அந்தப் பக்கத்தில் ஆசிரியர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கிறது, அதன் கீழே 'பரிசீலனையில்' என்று இருக்கிறது.